மாங்கட்டையில் பூத்த சிவப்புக் காளான்

மூன்று நாள் விடாமல் மழை. நான்காம் நாள் காலையில் வெயில் வந்தது. நகரி மூக்கு மலையின் மேல் மட்டும் மேகம் தங்கி நின்றது.

மலை அடிவாரத்தில் ஒரு சின்ன ஊர். சித்தூர் சீமையில் பல ஊர்களைப் போல இங்கும் வீட்டுக்குள் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு. சில வீடுகளில் இரண்டும் கலந்து கேட்கும்.

வெயில் வந்ததும் பெண்கள் கூடையோடு கிளம்பினார்கள். காட்டில் காளான் முளைத்திருக்கும். இன்றே பறிக்க வேண்டும். ஒரு நாள் விட்டால் அழுகிப் புழு வைத்துவிடும்.

வருஷா வருஷம் முதல் ஆளாகக் கிளம்பும் ஒரு மாமியார் இந்த முறை போகவில்லை. திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். வலது காலில், பெருவிரல் பக்கத்தில் புண். முள் குத்திய இடம். பன்னிரண்டு நாள் ஆகிறது. ஆறவில்லை. அதன் மேல் ஏதோ கறுப்புப் பொடி அப்பியிருந்தது.

மருமகள் கூடையை எடுத்தாள்.

"புத்து மேல முளைச்சதை மட்டும் பறி. வேற எதையும் தொடாதே" என்றார் மாமியார்.

"தெரியும் அத்தை" என்றாள் மருமகள்.

தெலுங்கில் காளானுக்குப் பெயர் புட்டகொடுகு. 'புட்ட' என்றால் புற்று. 'கொடுகு' என்றால் குடை. புற்றில் விரிந்த குடை! பார்த்துப் பார்த்து வைத்த பெயர். தமிழில் நாய்க்குடை என்றும் சொல்கிறோம். எந்த நாய் குடை பிடித்ததோ!

புற்றுக்காளான் சங்கதி வேடிக்கையானது. இதைப் பயிர் செய்வது மனிதர் அல்ல, கறையான். காய்ந்த இலை, செத்தை, உலர்ந்த மரம் எல்லாவற்றையும் கறையான் மென்று புற்றுக்குள் கொண்டு போகிறது. அங்கே தேன்கூடு மாதிரி ஒரு கூடு கட்டுகிறது. அந்தக் கூட்டில் வெள்ளை நூல் போலப் பூஞ்சணம் வளர்கிறது. அது செத்தையை மக்க வைத்து மிருதுவாக்குகிறது. பிறகு கறையான் அதைத் தின்கிறது. கறையானுக்குச் சாப்பாடு ஆச்சு. பூஞ்சணத்துக்கு வீடு ஆச்சு. மழையில் மண் நனைந்ததும் அந்த நூல்கள் ஒன்று சேர்ந்து மண்ணைத் துளைத்து மேலே வருகின்றன. வெளியே வந்து குடை விரிக்கின்றன. பறிக்கும்போது நீளமாக வேர் போல வருகிறதே, அது கீழே கறையான் கூடு வரை போகும். சிப்பிக் காளானை வைக்கோலில் வளர்க்கலாம். புற்றுக்காளானை அப்படி வளர்க்க முடியாது. அதற்குக் கறையான் வேண்டும்.

காளான் செடி அல்ல. அதில் பச்சையம் கிடையாது. வெயிலைக் கொண்டு தன் உணவைத் தானே சமைக்கத் தெரியாது. அது மிருகமும் அல்ல. தனி இனம். ஊறுகாய் மேல் பூக்கிற பூஞ்சணம், ரொட்டி மாவை உப்ப வைக்கிற ஈஸ்ட், தோலில் வருகிற படர்தாமரை, எல்லாம் இந்த இனம்தான். நாம் பார்க்கிற குடை அதன் பழம் மாதிரி. உடம்பு மண்ணுக்குள், மரத்துக்குள், நூல் நூலாக ஒளிந்திருக்கிறது. இன்னொரு விநோதம்: நண்டு ஓட்டிலும் இறால் ஓட்டிலும் உள்ள கைட்டின் என்ற பொருள் காளானிலும் இருக்கிறது.

கூடை நிறையக் காளானோடு மருமகள் மாந்தோப்பு வழியாகத் திரும்பினாள். போன வருஷம் காற்றில் விழுந்த மாமரம் ஒன்று அங்கே கிடந்தது. அதன் கட்டை முழுக்கச் சிவப்பு! கிட்டப் போய்ப் பார்த்தாள். குங்குமத்தில் மஞ்சள் கலந்த மாதிரி நிறம். விசிறி மாதிரி வடிவம். தொட்டால் தோல் செருப்பு போல விறைப்பு. குடை இல்லை, தண்டு இல்லை. மரத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"இது மருந்துக் காளான்" என்றார் பக்கத்தில் வந்த பாட்டி. "உங்க அத்தை சந்தையில வாங்கினாளே பொடி, அது இதைத்தான் இடிச்சு வச்சது. இருநூறு ரூபாய்! இங்கே சும்மா கிடக்குது பார்."

"நிஜமாவே இதுல புண் ஆறுமா பாட்டி?"

"சயின்ஸ்காரங்களே சோதிச்சுப் பார்த்தாங்களாம். கிருமி எல்லாம் செத்துப்போச்சாம். பொடி விக்கிற ஆள் சொன்னான்."

பொடி விற்றவர் சொன்னது முழுப் பொய் அல்ல. அதில்தான் ஆபத்து. பாதி உண்மை. அந்தப் பாதி எது, மீதிப் பாதி எது என்று பார்க்க வேண்டும்.

கல்கத்தாவில் ஒரு பேராசிரியர்

சகாய ராம் போஸ் என்று ஒரு பேராசிரியர் இருந்தார். கல்கத்தாவில் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் தாவரப் பாடம் நடத்தினார். மரத்தில் ஒட்டி வளரும் காளான்களைத் தேடித் தேடிப் படித்தவர். மாங்கட்டையில் பார்த்தோமே, அதே சிவப்புக் காளானை அவரும் எடுத்தார். அதிலிருந்து கிருமியைத் தடுக்கும் சத்து ஒன்றைப் பிரித்தார். அதற்குப் பாலிபோரின் என்று பெயர் வைத்தார். 1946இல் இங்கிலாந்தின் 'நேச்சர்' பத்திரிகையில் அதைப் பற்றி எழுதினார். நம் நாட்டுக் கட்டையில் முளைத்த காளான் உலகப் பத்திரிகைக்குப் போனது. பிற்காலத்தில் மற்ற நாட்டு விஞ்ஞானிகளும் இந்தக் காளானைச் சோதித்தார்கள். அதன் சிவப்பு நிறத்தில் சின்னபாரின் என்ற பொருள் இருக்கிறது. அதுவும் சில கிருமிகளைத் தடுக்கிறது.

காளானுக்கு இந்த வேலை எதற்கு? அதன் இருப்பிடத்தை நினைத்துப் பாருங்கள். ஈரமான மண், மக்கிய மரம். அங்கே கோடிக்கணக்கான கிருமிகள் அதே சாப்பாட்டுக்குப் போட்டி போடுகின்றன. காளானால் ஓட முடியாது. கடிக்க முடியாது. அதனால் சில ரசாயனங்களைத் தயாரித்துச் சுற்றிலும் கசிய விடுகிறது. கிருமிகள் கிட்டே வராது. ஒரு காளானில் ஒரு ரசாயனம் மட்டும் இருப்பதில்லை. பலவகை இருக்கும். பீனால் வகை ஒன்று. தரை கழுவும் கறுப்புப் பினாயிலும் அந்தக் குடும்பம்தான். டெர்பீன் வகை ஒன்று. மரத்தின் அடியில் வார்னிஷ் அடித்த மாதிரி பளபளப்பாக, பலகை போல ஒரு காளான் வளருமே, அது கசப்பதற்கு இந்த வகைதான் காரணம். அந்தப் பளபளப்புக் காளானைச் சீனாவில் நெடுங்காலமாக மருந்தாக வைத்திருக்கிறார்கள். தென்னை வைத்திருப்பவருக்கு அதைப் பார்த்தாலே வயிறு எரியும். தஞ்சாவூர் வாடல் நோய் என்று தென்னையைக் கொல்லும் நோய் இந்த வகைக் காளானால் வருவது.

தட்டில் ஒரு வளையம்

காளானில் கிருமியைக் கொல்லும் சத்து இருக்கிறதா என்று எப்படிச் சோதிக்கிறார்கள்? சமையல் மாதிரிதான். காளானைக் காய வைக்கிறார்கள். இடித்துப் பொடியாக்குகிறார்கள். தண்ணீரிலோ சாராயத்திலோ ஊற வைக்கிறார்கள். குடிக்கிற சாராயம் அல்ல, சோதனைச் சாலைச் சாராயம். வடிகட்டிச் சுண்ட வைத்தால் பிசின் போலச் சத்து மிஞ்சும்.

பிறகு ஒரு கண்ணாடித் தட்டு. அதில் கடல்பாசியில் செய்த கூழ் உறைந்திருக்கும். அதன் மேல் புண்ணில் சீழ் வைக்கும் கிருமியைத் தடவுகிறார்கள். சின்னக் காகிதப் பொட்டைக் காளான் சத்தில் நனைத்து நடுவில் வைக்கிறார்கள். உடம்புச் சூட்டில் ஓர் இரவு விடுகிறார்கள்.

காலையில் பார்த்தால் தட்டு முழுக்கக் கிருமி வளர்ந்து பால் ஏடு போல மங்கியிருக்கும். சத்து வேலை செய்திருந்தால் பொட்டைச் சுற்றி மட்டும் தெளிவான வட்டம் இருக்கும். அங்கே கிருமி வளரவில்லை. அந்த வட்டத்தை அளவுகோலால் அளக்கிறார்கள். இத்தனை மில்லிமீட்டர் என்று எழுதி வைக்கிறார்கள்.

நல்ல சோதனையில் அதே தட்டில் இன்னும் இரண்டு பொட்டு இருக்கும். ஒன்றில் ஆஸ்பத்திரி மருந்து. இன்னொன்றில் வெறும் சாராயம். வெறும் சாராயம் எதற்கு? சாராயமே கிருமியைக் கொல்லும் அல்லவா! கொன்றது காளானா, சாராயமா என்று தெரிய வேண்டாமா? அதற்குத்தான்.

பொடி விற்றவர் சொன்ன பாதி உண்மை இந்த வட்டம்தான்.

இப்போது மீதிப் பாதி. பினாயிலை வைத்தாலும் தட்டில் வட்டம் வரும். அதற்காகப் பினாயிலைக் குடிப்போமா? தட்டில் கிருமி மட்டும்தான் இருக்கிறது. உடம்பில் கிருமியோடு ரத்தம், ஈரல், சிறுநீரகம் எல்லாம் இருக்கிறது. கிருமியைக் கொல்லும் பொருள் இவற்றைக் கெடுக்காமல் இருக்க வேண்டும். அளவும் முக்கியம். ஆஸ்பத்திரி மருந்து கடுகளவு செய்கிற வேலைக்குக் காளான் சத்து பெரும்பாலும் கைப்பிடி கணக்கில் வேண்டியிருக்கிறது. சோதனைச் சாலைச் சத்து வேறு, சந்தைப் பொடி வேறு. பொடியில் மண் இருக்கும், வேறு கிருமியும் இருக்கும். மண்ணில் டெட்டனஸ் கிருமியின் விதை இருக்கலாம். திறந்த புண்ணில் அதைக் கொண்டு போய் வைக்கலாமா?

போஸ் கண்டுபிடித்த பாலிபோரின் கடைசி வரை மருந்துக் கடைக்கு வரவில்லை. அவருடைய உழைப்பு வீண் என்று அர்த்தம் அல்ல. தட்டுக்கும் மருந்துக் கடைக்கும் நடுவே அவ்வளவு தூரம்.

ஒரு போலீஸ்காரர் கதை

எவ்வளவு தூரம் என்பதற்குப் பென்சிலின் கதையைக் கேளுங்கள். 1928இல் லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றில் அலெக்சாண்டர் பிளெமிங் என்ற மருத்துவர் கிருமித் தட்டுகளை வைத்துவிட்டு விடுமுறைக்குப் போனார். திரும்பி வந்து பார்த்தால் ஒரு தட்டில் பூஞ்சணம் பிடித்திருந்தது. நாமாக இருந்தால் கழுவி வைத்திருப்போம். அவர் உற்றுப் பார்த்தார். பூஞ்சணத்தைச் சுற்றிக் கிருமி இல்லை. அதிலிருந்து வந்ததுதான் பென்சிலின்.

உடனே மருந்தாகிவிடவில்லை. பன்னிரண்டு வருஷம் போனது. 1941 பிப்ரவரியில் ஆக்ஸ்போர்டில் ஒரு போலீஸ்காரர் சாகக் கிடந்தார். முகம் முழுக்கச் சீழ். ஒரு கண்ணையே எடுத்துவிட்டார்கள். அவருக்குப் பென்சிலின் ஊசி போட்டார்கள். சில நாளில் ஜுரம் விட்டது. சாப்பிட ஆரம்பித்தார். ஆனால் கையில் இருந்த மருந்து அவ்வளவுதான். அவருடைய சிறுநீரைப் பிடித்து அதில் கலந்து வந்த பென்சிலினைக்கூடப் பிரித்துத் திரும்பப் போட்டார்கள். அதுவும் தீர்ந்தது. கிருமி மறுபடி தலை எடுத்தது. மார்ச் மாதம் அவர் இறந்து போனார். பாவம், இன்னும் கொஞ்சம் மருந்து இருந்திருந்தால் பிழைத்திருப்பார்.

நம் நாட்டில் பென்சிலின் செய்ய அரசாங்கமே புனே பக்கத்தில் பிம்ப்ரியில் 1954இல் ஒரு கம்பெனி தொடங்கியது.

பென்சிலின் பூஞ்சணத்தில் வந்தது. குடைக் காளானில் மருந்து வரவில்லையா? வந்தது. 1951இல் அமெரிக்காவில் ஒரு காளானிலிருந்து புளூரோமுட்டிலின் என்ற பொருளைப் பிரித்தார்கள். அதை மாற்றிச் செய்த மருந்து முதலில் பன்றிக்கும் கோழிக்கும் போனது. மனிதர் தோலில் பூசும் களிம்புக்கு 2007இல்தான் அனுமதி கிடைத்தது. நுரையீரல் சளிக் காய்ச்சலுக்கு மாத்திரையும் ஊசியும் 2019இல் வந்தன. எண்ணிப் பாருங்கள், அறுபத்தெட்டு வருஷம்!

மாந்தோப்புக்காரர்களுக்கும் இதில் ஒரு செய்தி இருக்கிறது. ஐரோப்பாவில் பைன் மரக் காயின் மேல் சின்னஞ்சிறு காளான் ஒன்று முளைக்கிறது. மற்ற பூஞ்சணங்களை அண்ட விடாது. 1977இல் ஜெர்மனி விஞ்ஞானிகள் அதன் சத்தைப் பிரித்தார்கள். ஆனால் அது வெயில் பட்டால் கெட்டுப்போகும். வயலுக்கு உதவாது. அதனால் அதே மாதிரி, வெயில் தாங்குகிற பொருளைத் தொழிற்சாலையில் செய்தார்கள். அசாக்சிஸ்ட்ரோபின் என்று பெயர். 1996இல் விற்பனைக்கு வந்தது. இன்று மாவுக்கும் தக்காளிக்கும் மிளகாய்க்கும் பூஞ்சண நோய்க்குத் தெளிக்கிறோமே, அதில் அதுவும் ஒன்று. காளானிடம் கற்ற வித்தையால் காளான் இனத்தையே விரட்டுகிறோம்.

பாக்கெட்டில் என்ன எழுதியிருந்தது?

அன்று சாயங்காலம் மருமகள் குழம்பு வைத்துவிட்டு வந்தாள். பொடிப் பாக்கெட் திண்ணையில் கிடந்தது. அவள் எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்து ஒரு வருஷம்தான் ஆகிறது. பாக்கெட்டை விளக்குப் பக்கம் பிடித்துக்கொண்டு படித்தாள்.

"கா-ட்-டு-க் கா-ளா-ன் பொ-டி. ச-க-ல பு-ண்-க-ளு-ம் ஆ-று-ம்."

கீழே சாமி படம். பின்பக்கம் திருப்பினாள். வெறுமை.

"அத்தை, இதுல செஞ்சவங்க பேர் இல்லை. ஊர் இல்லை. தேதி இல்லை."

"அது எதுக்கும்மா?"

"மருந்துன்னா லைசென்ஸ் நம்பர், செஞ்ச தேதி, கெட்டுப்போற தேதி எல்லாம் போடணும் அத்தை. நாட்டு மருந்தா இருந்தாலும் போடணும். எங்க படிப்பு மையத்துல நர்சம்மா சொன்னாங்க."

மாமியார் பதில் சொல்லவில்லை. இருநூறு ரூபாய் கொடுத்தது அவர். மனசு கேட்குமா?

"வலிக்குதா அத்தை?"

"வலியே இல்லைம்மா. பொடி போட்டதும் வலி போயிடுச்சு."

மறுநாள் காலை நர்சம்மா வந்தார். வலியே இல்லை என்று கேட்டதும் அவர் முகம் மாறியது. காலைத் தொட்டுப் பார்த்தார். ஒரு நூல் துணுக்கால் விரலைத் தடவினார். "தெரியுதா பெரியம்மா?" என்றார். மாமியாருக்குத் தெரியவில்லை.

"வலி போனது பொடியால இல்லை. காலில் உணர்ச்சி போயிருக்கு. உங்களுக்குச் சர்க்கரை இருக்கான்னு பார்த்தாங்களா?"

பார்த்ததே இல்லை. விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தார். 340 காட்டியது.

சர்க்கரை நோய் பல வருஷம் இருந்தால் காலின் நரம்பு கெடும். முள் குத்தினாலும் தெரியாது. ரத்த ஓட்டமும் குறையும். புண் ஆறாது. உள்ளே சீழ் எலும்பு வரை போகும். மேலே பொடி அப்பினால் உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியாமல் போகும். ஒரு விரலோடு போக வேண்டியது காலை எடுக்கும் அளவுக்கு வரும். இந்த ஊரில் மாமியாருக்குத் தெரிந்தே இரண்டு பேர் கால் இழந்தவர்கள்.

"ஆஸ்பத்திரிக்குப் போனா காலை எடுத்துடுவாங்க. அதான் நான் போகலை" என்றார் மாமியார். குரல் நடுங்கியது.

"லேட்டா போனாத்தான் எடுப்பாங்க பெரியம்மா. கிளம்புங்க" என்றார் நர்சம்மா.

மாமியாரும் மருமகளும் திருப்பதிக்கு பஸ் ஏறினார்கள். ரூயா ஆஸ்பத்திரியில் புண்ணைக் கழுவினார்கள். கறுப்புப் பொடி கட்டி கட்டியாக வந்தது. செத்த சதையை வெட்டி எடுத்தார்கள். டெட்டனஸ் ஊசி போட்டார்கள். சர்க்கரைக்கு இன்சுலின் போட்டார்கள். ஒன்பது நாள் படுக்கையில் இருந்தார். விரல் தப்பியது.

தின்னும் காளான், கொல்லும் காளான்

ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரர்களோடு காளான் பேச்சு வராமல் இருக்குமா? ஒருவர் சொன்னார், குழம்பில் வெள்ளிக் காசு போட்டுப் பார்த்தால் விஷம் தெரிந்துவிடும் என்று. இன்னொருவர் பூண்டு என்றார். பூச்சி தின்ற காளான் நல்ல காளான் என்றார் மூன்றாமவர். மூன்றும் தப்பு. காசு கறுக்காத காளானும் கொல்லும். பூச்சியின் வயிறு வேறு, நம் வயிறு வேறு.

சில விஷக் காளானைத் தின்றால் இரண்டு மணி நேரத்தில் வாந்தி வரும். மிக மோசமானது அது அல்ல. தாமதமாக வருவதுதான் மோசம். ஆறு மணி நேரத்துக்குப் பிறகு, சில சமயம் மறுநாள்கூட, வாந்தியும் பேதியும் தொடங்கும். பிறகு நின்றுவிடும். சரியாகிவிட்டது என்று வீட்டுக்காரர்கள் நினைப்பார்கள். அதற்குள் விஷம் ஈரலைத் தின்றுகொண்டிருக்கும். இந்த விஷம் கொதிக்க வைத்தாலும் போகாது. 2022 ஏப்ரலில் அசாமில் காட்டுக் காளான் தின்று 13 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் தேயிலைத் தோட்டத்து ஏழைகள்.

காளான் தின்ற பிறகு வாந்தி வந்தால் 108க்கு போன் செய்யுங்கள். மிச்சக் காளானை ஒரு காகிதத்தில் சுற்றி ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள். எந்தக் காளான் என்று பார்க்க அது உதவும். கூடச் சாப்பிட்ட எல்லோரையும் அழைத்துப் போங்கள், வாந்தி வராதவரையும் சேர்த்து.

மாமியார் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு மருந்துப் பை. மாத்திரை அட்டையில் எல்லாம் இங்கிலீஷ். மருமகள் நர்சம்மாவிடம் காட்டினாள்.

"இது அமாக்சிசிலின்" என்றார் நர்சம்மா. "பென்சிலின் குடும்பம்."

"பூஞ்சணத்துல வந்ததுன்னு சொன்னீங்களே, அதுவா?"

"அதுவேதான்."

மாமியார் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்போ கடைசியில என்னைக் காப்பாத்தினதும் காளான் சாதிதானா?" என்றார்.

"சாதி அதேதான் பெரியம்மா. ஆனா இதுக்குப் பேர் இருக்கு, அளவு இருக்கு, தேதி இருக்கு. அட்டையில இருக்கிற மாத்திரை முழுசும் முடியற வரைக்கும் விடாம சாப்பிடுங்க. வலி போச்சுன்னு பாதியில நிறுத்திடாதீங்க."

நர்சம்மா போன பிறகு மாமியார் கேட்டார். "புத்துல இன்னும் ஏதாவது முளைச்சிருக்கா?"

"எல்லாம் போயிடுச்சு அத்தை. திரும்ப ஒரு மழை வரணும்."

"வரட்டும். செருப்புப் போட்டுக்கிட்டு நானும் வரேன்."